மெல்வினா அண்ணியின் பாதிச் சுவர்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வந்தால், உள்ளே ஊசி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவீர்கள். தாராளமாகத் தேடுங்கள். ரொட்டிக்கு வெல்லப்பாகு எவ்வளவு ஊற்றுவது என்பதில் தொடங்கி, தேவாலயத்தில் யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்பது வரை நானும் மெல்வினாவும் போடாத சண்டை இல்லை. ஆனாலும் இந்த பிளாக்டன் மீன்பிடித் துறையில் ஒரே ஒரு ஆளைக் காட்டி, "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லச் சொன்னால், நான் அவளைத்தான் காட்டுவேன். காரணம் ஒரு சுவர். முழுச் சுவர்கூட இல்லை, பாதிச் சுவர்.

என் அண்ணன் ஹெட்லியைக் கட்டிக்கொண்டு பக்கத்துத் தீவிலிருந்து அவள் வந்து இறங்கியபோது கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது, வாயில் அடக்கம் இல்லை. வந்த கோடையிலேயே எங்கள் மீன்பரணைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். கரையோரம் கால் நட்டு, மேலே மெல்லிய மரக்கழிகளை இடைவெளி விட்டுப் பரப்பி, உப்பில் ஊறிய காட் மீனைக் காயப்போடுவோமே, அந்தப் பரண். எங்கள் கழிகள் நெருக்கமாக இருக்கின்றன, மீனுக்கு அடியில் காற்று போக இடமில்லை என்றாள். என் அம்மா கை வைத்துக் கட்டிய பரண் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, கொஞ்ச நாள் அவளோடு பேசவே இல்லை. அவளா கவலைப்படுகிறவள்? அவள் பாட்டுக்குப் பாதிக் கழிகளை உருவி ஓரமாக அடுக்கிவிட்டாள்.

மீன் பிடிப்பது ஆண்கள் வேலை, அதைக் காயவைத்துக் காசாக்குவது எங்கள் வேலை. மழை தூறினால் ஓடிப்போய்க் குவித்து மரப்பட்டையால் மூட வேண்டும், வெயில் வந்தால் மறுபடி விரிக்க வேண்டும், மூடுபனி இறங்கினால் திரும்பவும் குவிக்க வேண்டும். இடுப்பு ஒடிந்துவிடும். அந்த வருஷம் கோடை முடிந்து, வியாபாரியின் கப்பலோடு தரம் பார்ப்பவர் வந்தார். அவர் ஒவ்வொரு மீனையும் கையில் எடுப்பார். முகத்தைப் பார்ப்பார், புரட்டி முதுகைப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், அப்புறம் ஏதாவது ஒரு குவியலில் போடுவார். சிரிக்க மாட்டார், பேச மாட்டார். நல்ல மீனாக இருந்தால் மட்டும் "முதல் தரம்" என்பார். அந்த வருஷம் எங்கள் மீனைப் பார்த்து அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் வலித்திருக்கும். மெல்வினா கைகளைக் கட்டிக்கொண்டு, ராணி மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டவன் இல்லை, பாராட்டு என்று வந்தால் அவன் வாயில் ஆணி அடித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அவனுடைய பெருமையெல்லாம் படகில்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் சணல் நாரைத் திணித்து, மேலே கீல் காய்ச்சிப் பூசி அடைக்கிற கலப்பத்து வேலையில் தென்கரை முழுக்க அவனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. தான் அடைத்த இடுக்கில் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அது உண்மையும்கூட.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் துறையில், கரையேற்றி வைத்த படகில் வாய் திறந்த இடுக்கைப் பார்த்தால் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். யார் படகு என்று கேட்க மாட்டார்கள், அடைத்ததைச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். சட்டைப்பையில் இருக்கிற சணலை எடுத்துத் திணித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். நன்றி என்றால் முறைப்பார்கள். கடலுக்குப் போகிறவன் உயிர் அந்த இடுக்கில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவர்கள் வீடு கட்டினால் எப்படிக் கட்டுவார்கள்? படகு மாதிரிதான் கட்டினார்கள். எங்கள் ஊரில் மழை மேலிருந்து விழாது, கடலிலிருந்து படுக்கைவாட்டில் வரும். தென்கிழக்குக் காற்று கிளம்பினால் கடலே எழுந்து வந்து கதவைத் தட்டும். அதனால் கடலைப் பார்த்த சுவருக்குப் பலகை அடித்ததும், ஒவ்வொரு இடுக்கையும் சணலும் கீலும் வைத்து அடைத்து, காவியை மீன் எண்ணெயில் குழைத்துப் பூசிவிடுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். சில வருஷத்தில் சுவர் இற்றுப்போகும். பிரித்துப் போட்டுவிட்டு, முன்பைவிட இறுக்கமாக அடைப்பார்கள். முன்பைவிடச் சீக்கிரம் இற்றுப்போகும். கடல் பார்த்த சுவருக்கு அது தலைவிதி என்று எல்லோரும் நம்பினார்கள், நானும்தான்.

மெல்வினா கல்யாணமாகி வந்த பிறகு மூன்றாவது முறையாக ஹெட்லி அந்தச் சுவரைப் பிரித்தபோது, இற்றது பலகையோடு நிற்கவில்லை. மூலைத்தூணின் அடிப்பாகம் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது, விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போயிற்று. கெட்ட பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் துண்டு பொருத்தலாம், அதற்கு மட்டும்தான் தூணில் நல்ல மரம் மிச்சமிருந்தது. மறுபடி ஒரு முறை அறுக்க அங்கே தூண் இருக்காது. ஹெட்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இதான் கடைசி," என்றான். "இன்னொரு தடவ இத்துப்போச்சுன்னா வீட்டப் பிரிச்சு விறகுக்குப் போட்டுட்டு எஃபி வீட்டுக்குப் போயிருவோம்."

எஃபி என்றால் நான்தான். கல்யாணம் ஆகாதவள், பக்கத்து வீட்டில் தனியாக, நிம்மதியாக இருக்கிறவள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அடுப்படியில் மெல்வினா கரண்டி பிடிப்பதை நினைத்துப் பார்த்தேன். அவளைப் பார்த்தால் அவள் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது. கடலைப் பார்த்த அந்த அறையில்தான் அவள் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். ஒன்றை அங்கேயே பறிகொடுத்தாள். வேறொருத்தி வீட்டில் விருந்தாளியாகக் கிடக்க அவள் பிறக்கவில்லை, அதுவும் என் வீட்டில்.

அவள் அழவில்லை. கழற்றிப் போட்ட பலகை ஒன்றை எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள், புரட்டி முதுகைப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் அதை அண்ணன் முன்னால் போட்டாள்.

"மொகம் நல்லாத்தான இருக்கு. மொதுகுதான் நாறுது. மழ முன்னாடி அடிச்சா மொதுகு ஏன் கெடணும்?"

மீன் இப்படித்தான் கெடும், அடியில் காற்று இல்லாவிட்டால், என்று அவளே சொன்னாள். தேநீர்க் கெட்டிலின் ஆவி, அடுப்பைச் சுற்றித் தொங்கும் ஈரத் துணி, நம் மூச்சு, ஆணி ஓட்டை வழியாக நுழைகிற மழை, எல்லாம் போய்ப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறது, வெளியே வர வழி இல்லை என்றாள்.

"வீடு என்ன மீனா?" என்றான் அண்ணன்.

"படகும் இல்லையே," என்றாள் அவள்.

அன்று முழுக்க இருவரும் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். சுவர் பிரிந்து கிடக்கிறது, மேகம் கூடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் இரண்டு பூனைகள் மாதிரி சீறிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் நான்தான் பொறுக்க முடியாமல், ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு தொலையுங்களேன் என்று கத்தினேன். கோபத்தில் சொன்னது. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சமையலறைப் பக்கத்துப் பாதி அவனுக்கு, படுக்கையறைப் பக்கத்துப் பாதி அவளுக்கு. அடுத்த கோடையில், சிறுமீன் முட்டையிடக் கரைக்கு வருகிற சமயத்தில், இரண்டு பக்கமும் ஒரு பலகையைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இற்றுப்போன மூலைத்தூண் இருந்தது அவள் பாதியில். அவள் பக்கம் நனைந்தால் வீடு போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெட்லிக்கு அதில் மனசே இல்லை, தூண் இருக்கிற பாதியையாவது தனக்குக் கொடு என்று கெஞ்சிப் பார்த்தான். தன் வேலைமேல் தனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் மீன்பரணில் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். வெயிலிலும் காற்றிலும் எலும்பு மாதிரி வெளுத்துக் காய்ந்த கழிகள். அவற்றை நீளவாக்கில் பிளந்து, சுவரில் முதலில் மீன் மூடுகிற மரப்பட்டையைப் போர்த்தி, அதன்மேல் பிளந்த கழிகளை நட்டுக்குத்தாக, இடைவெளி விட்டு ஆணியடித்தாள். பலகைகளை அந்தக் கழிகளின் மேல்தான் அடித்தாள். ஆக, பலகைக்கும் வீட்டுக்கும் நடுவில் விரல் கனத்துக்கு வெற்றிடம். கீழே தரையருகிலும் மேலே கூரையடியிலும் அதை அடைக்காமல் திறந்தே விட்டாள். பரணைத் தூக்கி நிறுத்திய மாதிரிதான் இருந்தது. ஆணியை எடுத்துக் கொடுத்தது நான், கட்டைவிரலில் அடி வாங்கியதும் நான், திட்டு வாங்கியதும் நான்.

பக்கத்துப் பாதியில் ஹெட்லி தன் வாழ்நாளிலேயே நேர்த்தியான கலப்பத்தைச் செய்துகொண்டிருந்தான். கத்தி முனை நுழையாது. பார்க்க வந்தவர்கள் அவன் பக்கம் நின்று தலையாட்டிவிட்டு, அவள் பக்கம் வந்து சிரித்தார்கள். பெரிய அலை வந்தால் பாதி வீடு மிதக்கும், பாதி முழுகும், அண்ணனும் அண்ணியும் எந்தப் பக்கம் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டான் ஒருவன். காற்று மிச்சமானால் எங்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றான் இன்னொருவன். கேட்டவனுக்கு, உன் வீட்டில் முதலில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார் என்று அவள் பதில் கொடுத்தாள். அவன் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது.

முதல் புயல் வந்தது. அவள் பாதியின் அடியில், திறந்து வைத்த இடுக்கு வழியாக, தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஹெட்லி என்னையும் இழுத்துக்கொண்டு மழையில் போய்ப் பார்த்தான். உள்ளே ஓடிவந்து, சுவர் ஒழுகுகிறது என்று கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னான். மெல்வினா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஒழுகட்டும். ஒழுகத்தான் வெச்சிருக்கேன்," என்றாள்.

ஆனால் அடுத்த புயலில் ஒழுகவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. படுக்கையறையில் லேசாக அந்தப் பழைய நாற்றம் எட்டிப் பார்த்தது. வெளியே போய் மண்டியிட்டுப் பார்த்தாள். திறந்து விட்ட இடுக்கு முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, சணலும் கீலும் வைத்து அழகாக அடைத்திருந்தது.

வேறு யாரைச் சந்தேகப்படுவது? நானும் அண்ணனைத்தான் நினைத்தேன். அன்று அந்த வீட்டில் நடந்த சண்டை மலைவரை கேட்டிருக்கும். அவன் பைபிள் மேல் கை வைத்து இல்லை என்றான். அவள் நம்பவில்லை. தோற்றுப்போவோம் என்ற பயத்தில் என் வீட்டைக் கொல்லப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டாள். அவன் படகுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான், சாப்பிட வரவில்லை. அவள் மீன் பிளக்கும் கத்தியால் சணல் முழுவதையும் தோண்டி எடுத்தாள். சில நாளில் மறுபடி அடைத்திருந்தது. அந்த வேளையில் அண்ணன் ஊரிலேயே இல்லை, மரம் வெட்டக் காட்டுக்குப் போயிருந்தான். மெல்வினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடம் கேட்டாள், அதுவும் என்னிடம். போய்ச் சூடாக மீனும் ரொட்டியும் கொடு, வேறெதுவும் சொல்லாதே, அவனுக்குப் புரியும் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நானும் அவளும் விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து காவல் இருந்தோம். பனியும் மழையும் கலந்து ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. அப்போது வந்தார் அசரையா மாமா.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை, இந்தத் துறையில் தலை நரைத்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் மாமாதான். காதோரம் வாயை வைத்துச் சொன்னால்தான் கேட்கும். முழங்கால் மடங்காது. தேவாலயத்தில்கூட மண்டியிடாமல் உட்கார்ந்தபடியே ஜெபம் சொல்கிற மனிதர், தேவாலயத்துக்குப் போட்டுப் போன நல்ல கோட்டோடு, சேற்றில் முதலில் ஒரு காலை, பிறகு இன்னொரு காலை மடக்கி இறக்கினார். பையிலிருந்து சணலை எடுத்தார். சின்னத் தகரடப்பாவில் கீல் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு விரல் அளவாகத் திணித்து, தட்டி, தடவிப் பார்த்து நகர்ந்தார். திறந்த இடுக்கை அவரால் தாண்டிப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

மெல்வினா இரைந்து பேசத் தெரிந்தவள். அவள் இரையவில்லை. கிட்டே போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கி விட்டாள். அப்படியே கைப்பிடியாக மீன்பரணுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கழிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிகளை விரலால் காட்டி, அவர் காதோரம் வாயை வைத்துக் கேட்டாள்.

"மாமா, இந்த எடுக்கையெல்லாம் அடச்சுத் தருவீங்களா?"

அவர் அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மீனு அழுகிப் போயிருமேம்மா," என்றார்.

அவள் திரும்பி வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அவரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார். திரும்பப் பரணைப் பார்த்தார். மழை அவர் தொப்பியிலிருந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு விறுவிறுவென்று, அந்தக் காலோடு எவ்வளவு விறுவிறுவென்று நடக்க முடியுமோ அவ்வளவு, சுவரிடம் போய் மறுபடி மண்டியிட்டு, தான் திணித்த சணலைத் தானே உருவ ஆரம்பித்தார். முதல் தடவை அடைத்தது தான் இல்லை என்றும் சொன்னார். விசாரித்தால், போகிற வழியில் ஆளாளுக்குக் கொஞ்சம் திணித்திருக்கிறார்கள், எங்களைக் கேலி செய்தவன் உட்பட. ஊரே அன்பால் அந்த வீட்டைக் கொல்லப் பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க அசரையா மாமாதான் அந்தச் சுவருக்குக் காவல். யாராவது பைக்குள் கையை விட்டால் கைத்தடியைத் தூக்கினார்.

கோடை வந்தது. சிறுமீன் கூட்டம் கூட்டமாகக் கரையில் புரள, பிளாக்டன் துறையே அதை விட்டுவிட்டு எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. தரம் பார்ப்பவர் வரும்போது நிற்பாளே, அதே மாதிரி மெல்வினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அன்று காலை அவள் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஹெட்லி முதலில் தன் பாதியில் ஒரு பலகையைக் கழற்றினான். அதைக் கழற்றவே பாடாய்ப் பட்டான், அவ்வளவு இறுக்கம். பலகையின் முதுகு கறுத்து, பிசுபிசுத்திருந்தது. ஒரே குளிர்காலத்தில். பின்னாலிருந்து யாரோ, ஹெட்லி அடைத்த இடுக்கில் ஒரு சொட்டு உள்ளே போயிருக்காதே என்று முணுமுணுத்தார்கள்.

"போகல," என்றாள் மெல்வினா. "உள்ள இருந்தது வெளியவும் போகல."

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்லி அவள் பாதிக்கு வந்தான். மூலைத்தூணை ஒட்டி, கீழிருந்து ஒரு பலகையைப் பெயர்த்தான். முதலில் மரப்பட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் தூணைத் தொட்டுப் பார்த்தான். அடியிலிருந்து மேல்வரை தடவினான். கையை வெளியே எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கையில் தூசிதான் இருந்தது, காய்ந்த தூசி. மரப்பட்டை சருகு மாதிரி சலசலத்தது. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்புறம் அவன் அந்தப் பலகையைக் கையில் எடுத்தான். முகத்தைப் பார்த்தான். புரட்டி முதுகைப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். அத்தனை வருஷமாகத் தரம் பார்ப்பவர் செய்ததை அவன் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். தன் கறுத்த பலகையைக் காலால் விறகுப் பக்கம் தள்ளிவிட்டு, அவள் பலகையை இரண்டு கையாலும் ஏந்தி அவள் முன்னால் வைத்தான்.

"மொதத் தரம்," என்றான்.

மெல்வினா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காற்று அவள் தலைத்துணியைப் படபடவென்று அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவளுடைய பழைய முகம் வந்துவிட்டிருந்தது.

"சத்தமாச் சொல்லு ஹெட்லி," என்றாள். "அசரையா மாமாவுக்குக் காது கேக்காது."

என் அண்ணன் இன்னொரு முறை, துறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.